இறுகிப்போன பேசின் குழாய்: அந்த துணுக்க திருத்தி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வீட்டுக்குறிப்பு பகுதியில ஒரு சின்ன துணுக்கு பாத்தேன். பாத்ரூம் பேசின்ல பழைய குழாய் இறுகிப்போய் அசையலன்னா மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தி, பைப் ரென்ச்ச மாட்டி ஒரே மூச்சுல பலமா திருப்புங்க வந்துடும்னு நாலு வரியில போட்டிருந்தீங்க. சார், தயவுசெஞ்சு அத திருத்தி போடுங்க. அத நம்பி யாராச்சும் செஞ்சா குழாய் வருதோ இல்லையோ பேசின் போயிடும். இத நான் கோவத்துல எழுதல. எங்க வீட்டு மாடி பாத்ரூம்ல இதே வேலைய இதே மாதிரி செஞ்சு ஒரு நல்ல பேசின பறிகொடுத்தவ நான், அதனால தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்திருக்கேன்.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, குழாய் ரொம்ப வருஷம் பழசு, அடிப்பக்கம் கசிவு வேற, புதுசு வாங்கி வச்சாச்சு, கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சு பாத்தா நட்டு எங்க முடியுது குழாய் எங்க ஆரம்பிக்குதுனே தெரியாத அளவுக்கு வெள்ளையும் பச்சையுமா மூடிக் கெடக்கு, ஸ்பேனர் உள்ள போக இடமே இல்ல. சரி மேலேர்ந்து குழாய பிடிச்சு சுத்தினா மொத்தமா லூசாகிடும்னு நெனச்சு என் தம்பி பைப் ரென்ச்ச போட்டு சுத்தினான், நான் பேசின பிடிச்சுக்கிட்டேன். டக்குனு ஒரு சத்தம். குழாய் லேசா அசைஞ்சுச்சு, எங்களுக்கு சந்தோஷம். பேசின்ல ஒண்ணும் தெரியல. ரெண்டு நாள் கழிச்சு பாத்தா குழாய் ஓட்டையிலேர்ந்து முன்பக்க விளிம்பு வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு, சோப்பு அழுக்கு அதுக்குள்ள எறங்கி கறுப்பா தெரிய ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கப்புறம் அந்த பேசின கழட்டி போடுறத தவிர வேற வழியில்ல. விரிசல் விட்ட பேசின் மேல யாராவது கைய ஊனி சாஞ்சா அது எப்ப வேணா உடையும், உடைஞ்ச பீங்கான் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், வீட்ல குழந்தைங்க இருக்குறவங்க அத அப்படியே விட்டு வைக்கவே கூடாது.

கீழ் பாத்ரூம்ல அதே வயசு பேசின், அதே குழாய். அத கழட்ட வயசான பிளம்பர் ஒருத்தர வரச்சொன்னோம். அவர் வந்ததும் ஸ்பேனர கையில எடுக்கவே இல்ல. கீழ படுத்து ரொம்ப நேரம் பாத்தாரு, ஒரு பழைய துணிய கேட்டாரு, வினிகர் இருக்கான்னு கேட்டாரு. "இப்ப எடுக்க வேணாம்மா, நாளைக்கு வரேன், அது வரைக்கும் இந்த துணி காயாம பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. மறுநாள் வந்து கழட்டினாரு. அந்த பேசின் இன்னிக்கும் கீறல் இல்லாம இருக்கு. நான் பக்கத்துலயே நின்னு பாத்ததும், அவர்கிட்ட கேட்டதும், அப்புறம் நானே தேடி தெரிஞ்சுக்கிட்டதும் தான் இனி எழுதப்போறது.

பேசின் பீங்கான்ங்க. 1200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு சூளையில சுட்டு எடுக்குற பொருள். அது மேல கனமா ஒண்ண மெதுவா வச்சா தாங்கும், ஆனா முறுக்குனா, வளைச்சா, ஒரே புள்ளியில இடிச்சா தாங்காது. இரும்பு மாதிரி லேசா வளைஞ்சு கொடுக்குற குணம் அதுக்கு கிடையாது, வளையுறதுக்கு பதிலா கீறி விட்டுடும். அதுலயும் குழாய் ஓட்டைய சுத்தி இருக்குற இடம் தான் ரொம்ப பலவீனம், எல்லா முறுக்கும் அந்த ஓட்டையோட விளிம்புல தான் வந்து சேருது. மேலேர்ந்து குழாய ரென்ச் போட்டு சுத்தும்போது நடக்குறதே இது தான், கீழ நட்டு பேசினோட ஒட்டிப்போய் அசையாம இருக்கு, மேல நாம முறுக்குறோம், நடுவுல மாட்டிக்கிட்டு அடி வாங்குறது பீங்கான். அந்த பிளம்பர் ஒரே ஒரு வார்த்தை தான் சொன்னாரு, "நம்ம பலம் நட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல மட்டும் தான் இருக்கணும்மா, பேசினுக்கு போகவே கூடாது". இந்த ஒரு விஷயம் அன்னிக்கு எங்களுக்கு தெரிஞ்சிருந்தா மாடி பேசின் தப்பிச்சிருக்கும்.

கொதிக்கிற தண்ணி விஷயமும் அப்படித்தான். குளிர்ந்து கெடக்குற பீங்கான்ல ஒரு பக்கம் மட்டும் திடீர்னு கொதிதண்ணி பட்டா அந்த பக்கம் விரியும், மத்த பக்கம் விரியாது, அதுலயே விரிசல் விழலாம், ஏற்கனவே கண்ணுக்கு தெரியாத கீறல் இருந்தா கேக்கவே வேணாம். பித்தளை சூட்டுல விரியுறது பீங்கான விட ரெண்டு மூணு மடங்கு அதிகம், அதனால ஓட்டைக்குள்ள டைட்டா நிக்கிற குழாய சூடாக்குனா அது உள்ளேர்ந்து வெளிப்பக்கமா தள்ளும். சூடு வேணும்னா நட்டுக்கு மட்டும் ஹேர் டிரையர் காத்து போதும், அதுவும் கீழ துளி ஈரம் இல்லாதப்ப, தண்ணி சொட்டாதப்ப தான். கேஸ் டார்ச் இந்த வேலைக்கு பக்கத்துலயே வரக்கூடாது.

கழட்டுறதுக்கு முன்னாடி இன்னொன்னு யோசிக்கணும், குழாய கழட்டித்தான் ஆகணுமா? நிறைய பேர் சொட்டு சொட்டா ஒழுகுதுன்னு மொத்த குழாயையும் கழட்ட கெளம்புறாங்க. மூக்கு வழியா சொட்டுறது பெரும்பாலும் உள்ள இருக்குற வாஷர் தேஞ்சதால, இல்லன்னா கால்வாசி சுத்து சுத்தினாலே முழுசா தெறக்குற குழாயா இருந்தா உள்ள தண்ணிய தெறந்து மூடுற செராமிக் டிஸ்க் கார்ட்ரிஜ்ங்கற பாகம் போனதால. இத ரெண்டையும் கைப்பிடிய கழட்டி மேலேர்ந்தே மாத்திடலாம், கீழ இருக்குற நட்ட தொடவே தேவையில்ல. குழாயோட உடம்பே அரிச்சுப்போச்சு, அடிப்பக்கம் கசியுது, கைப்பிடி மரை தேஞ்சுபோச்சுன்னா தான் இந்த பெரிய வேலை.

சரி, ஏன் இப்படி இறுகுது? உப்பு அதிகமா இருக்குற தண்ணி கசிஞ்சு காய்ஞ்சு கசிஞ்சு காய்ஞ்சு சுண்ணாம்பு படிவா மரைக்குள்ள போய் கல்லா உறைஞ்சிடுது. பித்தளை மேல பச்சையா களிம்பு பூக்குது. பித்தளை குழாய்க்கு இரும்பு நட்டு போட்டிருந்தா ஈரத்துல அந்த இரும்பு சீக்கிரமா துருப்பிடிச்சு ஊதிக்கும். இதுக்கு மேல, மாட்டினவங்க அந்த காலத்துல புட்டியோ (சந்து அடைக்குற பசை) வெள்ளை சிமென்டோ வச்சு அடைச்சிருப்பாங்க. அதனால நட்டு மட்டும் இல்ல, குழாயோட அடி வட்டமும் பேசின் மேல ஒட்டியிருக்கும். இதுல ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற வேற, அங்க தான் எல்லாரும் தப்பு பண்றோம். எடுத்த உடனே எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சிடுறோம். சுண்ணாம்பு படிவு கல்லு மாதிரி, அது எண்ணெயில கரையாது. அத கரைக்க ஆசிட் தன்மை வேணும், வீட்டு வினிகர்லயே அசிட்டிக் ஆசிட் 5 சதவீதம் அளவுக்கு இருக்கு, அது போதும். ஆனா எண்ணெய் முதல்ல போயிட்டா வினிகர் உள்ள எறங்காது, எண்ணெய் படலம் தடுத்துடும். அதனால வினிகர் முதல்ல, தொடைச்சு காயவச்சு அப்புறம் தான் எண்ணெய். வரிசை மாறவே கூடாது.

அவர் செஞ்சது இப்படி. மெயின் வால்வ மூடி குழாய தெறந்து மிச்ச தண்ணிய வெளியேத்துனாரு. பேசின் கீழ அந்த குழாய்க்கு வர்ற தண்ணிய மட்டும் நிறுத்துற ஆங்கிள் வால்வும் பழசா இருந்தா அத பலமா மூட முயற்சி பண்ணாதீங்க, அது உடைஞ்சா வேற பெரிய பிரச்னை. பேசினுக்குள்ள மடிச்ச கம்பளிய விரிச்சாரு, ஏன்னா பல பேசின் உடையுறது திருகுறதுல இல்ல, கை தவறி ஸ்பேனர் உள்ள விழுறதுல. வேஸ்ட் ஓட்டைய துணியால அடைச்சாரு. ஹோஸ கழட்டிட்டு கீழ பழைய டூத்பிரஷால நட்ட சுத்தி இருந்த பொடிய எல்லாம் தேய்ச்சு உதுத்தாரு, அப்ப கண்ணாடி போட்டுக்கணும், மல்லாக்க படுத்து பாக்குறோம், துருவும் சுண்ணாம்பும் நேரா கண்ணுல தான் விழும். அப்புறம் துணிய வினிகர்ல நனைச்சு நட்ட சுத்தி இறுக்கமா கட்டி, அது மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டாரு. சாயங்காலம் ஒரு தடவ நாங்களே துணிய மறுபடி நனைச்சோம். நுரை நுரையா வந்தா பயப்படாதீங்க, சுண்ணாம்பு கரையும்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வரும், அது வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

இங்க ரெண்டு எச்சரிக்கை. பேசின் மார்பிள் மேடைல பதிச்சிருந்தா வினிகர் அந்த கல்லு மேல சொட்டவே கூடாது, மார்பிளும் அதே சுண்ணாம்பு வகை தான், பாலிஷ் போய் வெளுத்துடும். இன்னொன்னு, சீக்கிரம் ஆகட்டும்னு கழிவறை கழுவுற ஆசிட்ட ஊத்தாதீங்க, அது குழாயோட குரோம் பூச்ச, பித்தளைய, டைல்ஸ் நடுவுல இருக்குற சிமென்ட எல்லாத்தையும் சேர்த்து அரிக்கும், புகை நெஞ்ச அடைக்கும். வினிகரா இருந்தாலும் சரி ஆசிட்டா இருந்தாலும் சரி பிளீச்சிங்கோட கலந்தா குளோரின் வாயு வரும், மூடுன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. முந்தின நாள் பிளீச்சிங் போட்டு கழுவியிருந்தா கூட நல்லா தண்ணி விட்டு அலசிட்டு தான் வினிகர எடுக்கணும்.

மறுநாள் துணிய எடுத்து தண்ணி விட்டு கழுவி தொடைச்சு காயவிட்டதும் தான் எண்ணெய் அடிச்சாரு. துரு எடுக்குற எந்த ஸ்ப்ரேயும் போதும், எல்லாரும் சொல்ற டபிள்யூடி 40யும் சரி தான். துரு எளக்குறதுக்குன்னே வர்ற பெனிட்ரேட்டிங் ஆயில் கெடச்சா இன்னும் நல்லது. அடிச்ச உடனே திருகக்கூடாது, அரை மணி நேரமாவது விடணும், நடுநடுவுல ஸ்க்ரூடிரைவர் பிடியால நட்டு மேல லேசா தட்டினா எண்ணெய் மரைக்குள்ள எறங்கும். லேசான்னா லேசா தான், சுத்தியல் வேணாம். எண்ணெய் அடிச்ச எடத்துல ஹேர் டிரையர், நெருப்பு எதையும் கொண்டு வரக்கூடாது, பத்திக்கும்.

இப்ப திருகுறது. எந்தப்பக்கம் திருகணும்ங்கறதுலயே நிறைய பேர் குழம்புறாங்க, மல்லாக்க படுத்திருக்கும்போது கை தானா தப்பா தான் போகும். கீழேர்ந்து நிமிர்ந்து நட்ட நேரா பாத்தா கடிகார முள்ளுக்கு எதிர்பக்கம், இத மட்டும் நெனவுல வச்சுக்கோங்க. நாங்க மாடியில ஒரு வேளை தப்பு பக்கம் கூட இறுக்கியிருக்கலாம். சாதா ஸ்பேனர் அந்த சந்துல போகாது, பைப் ரென்ச் போனாலும் பேசினோட பின்சுவர இடிக்கும். இதுக்குன்னே பேசின் ரென்ச்னு ஒண்ணு இருக்கு, நீளமான கம்பி, மேல கொக்கி மாதிரி வாய், கீழ குறுக்கு கைப்பிடி, வாய் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் திரும்பும். இல்லன்னா குழாய் மாதிரி இருக்குற பாக்ஸ் ஸ்பேனர். அரை இஞ்ச் குழாயா இருந்தா மரையோட வெளி விட்டம் அரை இஞ்ச் இருக்காது, கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் இருக்கும், அது உள்ள நுழையுற அளவுக்கு பாக்ஸ் ஸ்பேனர் உள்ளே காலியா இருக்கணும், நட்டோட அளவயும் அளந்துட்டு தான் எடுக்கணும். சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலந்து வர்ற மிக்ஸர் வகை குழாயா இருந்தா பெரிய நட்டு இருக்காது, மெல்லிய போல்ட்டும் குதிரை லாடம் மாதிரி ஒரு வாஷரும் தான் இருக்கும், அதுக்கு நீளமான சின்ன பாக்ஸ் ஸ்பேனர் போதும்.

முக்கியமானது, இது ஒரு ஆள் வேலை இல்ல. கீழ ஒருத்தர் நட்ட திருகும்போது மேல ஒருத்தர் குழாய துணி சுத்தி அசையாம பிடிக்கணும். பேசின பிடிக்கக்கூடாது, குழாய தான் பிடிக்கணும். நாங்க மாடியில செஞ்சது நேர் எதிரு, நான் பேசின தான் பிடிச்சேன், அதனால முறுக்கு பூரா பீங்கான்ல போச்சு. குழாய பிடிச்சா கீழ திருகுற பலத்துக்கு மேல எதிர் பலம் கெடைக்கும், ரெண்டும் குழாய்லயே முடிஞ்சுடும். திருகுறதும் ஒரே இழுப்பா வேணாம், கொஞ்சம் அழுத்தம் கொடுத்து நிறுத்தி, கொஞ்சம் எதிர்பக்கம், மறுபடி இந்தப்பக்கம். அசைய ஆரம்பிச்சதும் இன்னும் கொஞ்சம் எண்ணெய். மரைக்குள்ள இருக்குற பொடி வெளிய வர வழி கெடைக்கணும்.

எங்க கீழ் குழாய்ல இவ்ளோ செஞ்சும் நட்டு கால் சுத்து தான் வந்துச்சு, அதோட நின்னுடுச்சு. அங்க தான் அவர் எனக்கு பெரிய பாடம் நடத்தினாரு. இன்னும் பலம் போடல, ஸ்பேனர கீழ வச்சிட்டு இரும்பு அறுக்குற ஆக்ஸா பிளேட எடுத்தாரு. "குழாய எப்படியும் தூக்கி போடத்தான போறோம், நட்டும் குப்பை தான், அத காப்பாத்தி என்னம்மா பண்ணப்போறோம்"னு கேட்டாரு. பிளேடோட ஒரு முனைல துணி சுத்தி பிடிச்சுக்கிட்டு, நட்ட மேலேர்ந்து கீழா, குழாயோட நீளவாக்குல அறுத்தாரு. பேசின் அடிக்கும் பிளேடுக்கும் நடுவுல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டைய சொருகி வச்சாரு. மரை தெரியுற வரைக்கும் அறுத்துட்டு அந்த வெட்டுல ஸ்க்ரூடிரைவர வச்சு லேசா திருகினதும் நட்டு வாய தெறந்த மாதிரி விரிஞ்சிடுச்சு, அவ்ளோ தான், கையாலயே வந்துடுச்சு. அவசரப்பட்டு இரும்பு அறுக்குற கரண்ட் கிரைண்டர் மெஷின் மட்டும் வைக்காதீங்க. அந்த சந்துல கை நழுவுனா பேசின் போச்சு, தீப்பொறி பட்டா பீங்கானோட பளபள பூச்சு (கிளேஸ்) மேல கரும்புள்ளியா ஒட்டிக்கும், போகவே போகாது, முன்னாடி அடிச்ச எண்ணெய் வேற பத்திக்கும். பிளாஸ்டிக் நட்டா இருந்தா இன்னும் சுலபம், அறுக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது.

நட்டு வந்ததும் சந்தோஷத்துல குழாய பிடிச்சு ஆட்டி இழுக்கக்கூடாது. அடி வட்டம் புட்டியிலயோ சிலிகான்லயோ ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர உள்ள விட்டு நெம்புறது எல்லாரும் செய்யுற தப்பு, விளிம்பு சில்லா பேந்துடும். மீன் பிடிக்குற நைலான் நரம்பு இருக்குல்ல, அத குழாயோட அடில சுத்தி ரெண்டு கையால இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இழுத்தா ரம்பம் மாதிரி சிலிகான அறுத்துடும். கல்லா போன புட்டியா இருந்தா வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச துணிய சுத்தி வச்சு, பிளாஸ்டிக் தகடால கொஞ்சம் கொஞ்சமா சுரண்டணும். பீங்கான் மேல இரும்பு உரசி சாம்பல் நெறத்துல கோடு விழுந்தா அது பல சமயம் கீறல் இல்ல, இரும்பு தான் ஒட்டியிருக்கும், பீங்கானுக்கான பாலிஷ் பேஸ்ட் போட்டு மெதுவா தேய்ச்சா போயிடும்.

சந்து ரொம்ப குறுகல், கையே போகலன்னா பேசினயே சுவத்துலேர்ந்து கழட்டி கீழ எறக்கிடுறது நல்லதுன்னு நான் சொல்லுவேன். வேலை ஜாஸ்தி மாதிரி தோணும், ஆனா கம்பளி மேல கவுத்து போட்டா நட்டு கண்ணு முன்னாடி, வெளிச்சத்துல, எல்லா பக்கமும் கை போகும். வேஸ்ட் பைப்ப கழட்டிட்டு ரெண்டு பேரா சேர்ந்து தூக்கணும். எறக்கினதும் விரல் மடக்கி தட்டி பாருங்க, கணீர்னு சத்தம் வந்தா பேசின் முழுசா இருக்கு, டொக்குனு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம்.

புதுசு மாட்டும்போதே அடுத்த தடவைக்கு வழி பண்ணி வைக்கணும். பீங்கானும் உலோகமும் நேரடியா தொடவே கூடாது, மேலயும் கீழயும் ரப்பர் வாஷர் கண்டிப்பா இருக்கணும். சிமென்ட் வேணாம். நட்டோட மரைல கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவுங்க, சாதா கிரீஸ் ரப்பர ஊத வைக்கும். கையால முடிஞ்ச வரைக்கும் இறுக்கிட்டு ஸ்பேனர்ல கால் சுத்து போதும், அதுக்கு மேல இறுக்குனா அந்த அழுத்தத்துலயே பின்னாடி ஒரு நாள் விரிசல் விடும்.

சார், உங்க பேப்பர்ல வர்ற குறிப்புகள வெட்டி எடுத்து சுவத்துல ஒட்டி வைக்கிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, எங்க வீட்லயே அந்த பழக்கம் உண்டு. அதனால தான் கேக்குறேன், அதே பகுதியில, அதே எடத்துல, கொதிதண்ணி ஊத்தாதீங்க, மேலேர்ந்து ரென்ச் போட்டு திருப்பாதீங்க, நட்டு வரலன்னா அறுத்துடுங்கன்னு இந்த மூணயாவது போடுங்க. கீழ் குழாய்லேர்ந்து அறுத்து எடுத்த அந்த நட்டு இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு, வெட்டு எங்க விழுந்திருக்குன்னு தெளிவா தெரியும். படம் வேணும்னா எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி